இரண்டு பக்கமும் பொத்தான்

அம்மாவின் குரல் தெரு முழுக்கப் பிரசித்தம். உள்ளறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் ஒரு சத்தம் போட்டால், தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். "துணி எப்போ ரெடியாகும்?" என்று கேட்க வந்தவர்கள், உள்ளே அவள் வேறு யாரையோ திட்டுவதைக் கேட்டுவிட்டு, வாசலோடு திரும்பிப் போனதுண்டு. ஆனால் மோசமான குரல் என்று யாரும் சொன்னதில்லை. அதில் ஒரு நிமிர்வு இருந்தது, சிரிப்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் குரலைத்தான் நாளைக் காலையில் வெட்டி எடுக்கப் போகிறார்கள். "குரல்வளையை மொத்தமா எடுத்தாத்தான் உயிர் தங்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் ஒரு துளை போடுவார்களாம், மூச்சு அந்த வழியாகப் போகுமாம், பேச்சு இனி கிடையாதாம். ஒழுகுகிற குழாயை மாற்றுவது பற்றிப் பேசுகிறவர் மாதிரி அவர் பேசினார். கூட இருந்த மகள் சின்னவளுக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல வந்தது. ஆனால் அவரை விட்டால் வேறு கதியும் இல்லை.

இந்த வீட்டில் படம் பிடிக்கிறவர்கள் இரண்டு பேர். அண்ணன் பெரியவன் கேமராமேன். தங்கை சின்னவள் அவனைப் போன்றவர்களிடம் ஃபோகஸ் பார்க்கிறவள். நடிக்கிறவர் ஒரு அடி முன்னால் வந்தாலும் பின்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிப்போகாமல் லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருப்பது அவள் பிழைப்பு. இரண்டு பேர் இருந்து என்ன புண்ணியம்? ஊரார் முகங்களையெல்லாம் ஓடி ஓடிப் பிடித்தவர்கள், அம்மா உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிற மாதிரி ஒரு துண்டுப் படம் எடுத்து வைத்ததில்லை. போனில் அவள் "சாப்ட்டியா? சரி, வை" என்பதோடு சரி. அதை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

பெரியவனுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரு காலத்தில் அவன் கொடிகட்டிப் பறந்தான். அந்த நாட்களில் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோதுகூட சின்னவள்தான் ஓடி வந்தாள். அப்புறம் வரிசையாக இரண்டு படம் படுத்தது, கூப்பிடுகிற ஆள் இல்லாமல் போயிற்று, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பு குறைந்தால்கூடத் தெருவே கேட்கச் சத்தம் போடுகிறவள், அதற்கு மட்டும் சத்தம் போடவில்லை. அதுதான் அவனைப் பல வருஷமாக அரித்தது.

"நாளைக்கு முன்னாடி அம்மாவைப் பேச வச்சு எடுத்துடலாம் குட்டி" என்று அவன்தான் சொன்னான். "என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லட்டும். உன்னைப் பத்தி, என்னைப் பத்தி, எல்லாம்."

"போன்லயே எடுத்துடலாமே அண்ணா" என்றாள் சின்னவள்.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மாவையா? போன்லயா?"

அவளுக்கும் அது தப்பாகத்தான் பட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாடகைக் கடை முதலாளி பழைய சிநேகத்துக்காக ஒரு சாயங்காலத்துக்கு கேமராவைக் கொடுத்தனுப்பினார். இருப்பதிலேயே நல்லது. அதை முன்னறையில் மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியதும் அம்மா சுற்றி வந்து பார்த்தாள். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்; இந்தப் படத்துக்கென்று அவள் இரண்டு நாளாக வாயைக் கட்டிப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். இருந்தாலும் பொறுக்க முடியவில்லை.

"ரொட்டிப் பெட்டி மாதிரில்ல இருக்கு" என்றாள். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. "இதுக்குத்தானா ரெண்டு பேரும் வீடு வாசல் மறந்து திரிஞ்சீங்க?"

"பேசாதம்மா. கேமரா முன்னாடி பேசு" என்றான் பெரியவன். ஆனால் அவனுக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. புது மாப்பிள்ளை தன் வண்டியைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

அதில் காட்டுவதற்கு நிறையவே இருந்தது. இந்த மாதிரி கேமராவைச் செய்கிறவர்கள் யாரையும் எதையும் நம்பாத ஆட்கள். கார்டு கெட்டுப்போனால் என்ன செய்வது? அதற்கு இரண்டாவது கார்டு; ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டிலும் ஏறும். பேட்டரி தீர்ந்தால்? கழற்றி மாற்றுகிற வரைக்கும் மூச்சு நிற்காமல் தாங்க உள்ளே இன்னொன்று. லென்ஸ் நழுவினால்? கழுத்தைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருகி இறுக்கிவிட்டால் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அசையாது. தூசி போனால்? காற்று போய் வர உள்ளே தனிச் சுரங்கம் கட்டியிருந்தார்கள். விசிறி இழுக்கிற காற்று ஒரு பக்கம் நுழைந்து சூட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும், மின்பலகைகள் இருக்கிற அறையை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த விசிறியின் இரைச்சல் படத்தில் விழுந்தால்? பதிவு ஓடும்போது விசிறி தானாக அடங்கிவிடும், பதிவு நின்றதும் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.

"எதுவும் தப்பாப் போகவே முடியாதும்மா. அப்படிச் செஞ்சிருக்கான்" என்றான் பெரியவன்.

பதிவுப் பொத்தானும் அப்படித்தான். ஒன்று இருந்தால் போதாது என்று இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். இடது பக்கம் கேமராமேனுக்கு, வலது பக்கம் அசிஸ்டென்டுக்கு. ஒருவர் கை வேலையாக இருந்தால் இன்னொருவர் அழுத்தட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். ஒரு தரம் அழுத்தினால் ஓடும், மறு தரம் அழுத்தினால் நிற்கும். அழுத்தியது யார் விரல் என்று பொத்தானுக்கு அக்கறை கிடையாது.

பெரியவன் வேலையைத் தொழில் சுத்தமாகச் செய்தான். மூன்று பேர் போனையும் அணைத்து அடுப்படியில் ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினான். மின்விசிறியை நிறுத்தினான், ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டான். மாடி வீட்டுக்காரரிடம் போய், கொஞ்ச நேரம் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தான். அவர் "பார்க்கலாம்" என்றாராம். மைக்கை அம்மாவின் தலைக்கு மேல் தொங்கவிட்டு அதன் ஒயரை நேராகக் கேமராவிலேயே செருகினான். பதிவு ஓடும்போது முன்னால் எரிகிற சிவப்பு விளக்கை, பழக்க தோஷத்தில், முதலிலேயே அணைத்து வைத்துவிட்டான். அந்த விளக்கு எரிந்தால் நடிகர்கள் கண் அங்கேயே போகும், அதனால் எந்தப் படப்பிடிப்பிலும் அவன் அதை எரியவிட்டதில்லை.

ஃபோகஸுக்குத் தூரம் பார்க்க சின்னவள் அளவு டேப்பை எடுத்தாள். கேமராவின் பக்கவாட்டில், உள்ளே படம் விழுகிற பலகைக்கு நேராக ஒரு கோடும் கொக்கியும் இருக்கும். அதில் டேப்பின் முனையை மாட்டி அம்மாவின் கண் வரைக்கும் இழுத்தாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கே அளவெடுக்கிறியாடி? இழுத்துப் பிடிக்காத. தொளதொளன்னு வந்துடும்."

"பேசாதம்மா" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும் என்று பெரியவன் சொன்னான். அழகாக இருக்குமாம். அழகாகத்தான் இருந்தது. அம்மாவின் கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். ஆனால் வெளிச்சம் குறையக் குறைய ஃபோகஸ் பார்க்கிறவள் பாடு திண்டாட்டம். இமை தெளிவாக இருந்தால் காது மங்கும், ஒரு விரற்கடை சாய்ந்தால் இமையும் போய்விடும். அம்மாவோ மெஷின் மிதித்தே பழகிய உடம்பு, உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். சின்னவள், ஃபோகஸ் பார்க்கக் கையில் வைத்திருந்த கைத்திரையில் இருந்த எழுத்து, எண், கோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் வேலை செய்வாள்.

"ஒரே தடவைதாம்மா" என்றான் பெரியவன். "நடுவுல நிறுத்திடாத. தப்பாச் சொன்னாலும் பரவால்ல, சொல்லிட்டே போ."

அம்மா தலையை ஆட்டினாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்தது அவள் வாயில் தயாராக இருந்தது.

படப்பிடிப்பு நடக்கிற இடங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொத்தான் அசிஸ்டென்டின் சொத்து. "ரோல்" என்று மேலே இருப்பவர் சொல்வார், அசிஸ்டென்ட் அழுத்திவிட்டு "ரோலிங்" என்று பதில் சொல்வார். கேமராமேன் கை அந்தப் பக்கமே போகாது. சின்னவள் நேற்று வரைக்கும் அப்படித்தான் வேலை செய்தாள். பெரியவனோ கல்யாண மண்டபங்களிலும் கம்பெனி விழாக்களிலும் தனி ஆளாக நின்று நின்று பழகிப்போனவன். சொல்ல ஆளில்லை, பதில் சொல்ல ஆளில்லை, எல்லாம் அவன் ஒருவனே.

"ரோல்" என்றான் பெரியவன். சொல்லும்போதே அவன் கட்டைவிரல் இடது பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டது.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் சின்னவளின் விரல் வலது பக்கத்துப் பொத்தானை அழுத்தியது. "ரோலிங்" என்றாள். கண் கைத்திரைக்குப் போய்விட்டது.

அம்மா பேச ஆரம்பித்தாள்.

அவள் என்ன பேசினாள் என்று சின்னவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு இது நம்ப முடியாமல் இருக்கலாம், ஆனால் ஃபோகஸ் பார்க்கிறவர்கள் வசனத்தைக் கேட்பதில்லை. கேட்டால் கை தப்பும். சிரிப்புக் காட்சியில் சிரிக்க மாட்டார்கள், சாவுக் காட்சியில் அழ மாட்டார்கள். கண் இமையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வார்த்தையெல்லாம் கார்டில் இருக்கும், அப்புறம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தாள். அம்மா முன்னால் வந்தாள், இவள் விரல் பின்னால் போயிற்று. அம்மா சாய்ந்தாள், இவள் தொடர்ந்தாள். மழை என்று ஒரு சொல், ஏதோ ஒரு பச்சைத் துணி, அப்பாவின் பேர், இப்படி உதிரியாகச் சில காதில் விழுந்தன. ஒரு இடத்தில் அம்மா பெரியவன் நின்ற பக்கம் திரும்பி வெகு நேரம் பேசினாள். அந்தத் திருப்பத்தில் அவள் கண்ணைத் தப்பவிடாமல் பிடித்ததில் சின்னவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

மாடியில் மோட்டார் ஓடுகிற மாதிரி மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்லியும் போட்டுவிட்டாரே அந்த மனிதர் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை, ஒலி சரிசெய்கிறவரிடம் கொடுத்து எடுத்துவிடலாம்.

பெரியவன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்திருக்க வேண்டும். வைத்திருந்தால், பதிவு ஓடும்போது ஓரத்தில் தெரிகிற சிவப்புப் புள்ளி இல்லாததைப் பார்த்திருப்பான். அம்மா வாயைத் திறந்ததுமே அவன் கண்ணை எடுத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் ஓடுகிற கேமராவை விட்டு அவன் கண்ணை எடுத்தது அதுதான் முதல் தரம். அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அம்மா முடித்தாள். "அவ்ளோதான்" என்றாள். அதைச் சொல்லும்போதே குரல் கிழிந்துவிட்டது. இருமல் பிடித்துக்கொண்டது. பெரியவன் கேமராவை விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டான். நிறுத்துகிற வேலை யாருடையது? சின்னவள் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள்.

அறை அமைதியாகிவிட்டது.

அந்த இரைச்சல் நின்றுபோயிருந்தது. மோட்டாரை இப்போதுதான் நிறுத்தினாரா என்று அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் அது மாடி மோட்டார் இல்லை, பதிவு ஓடும்போது அடங்கியிருக்க வேண்டிய கேமரா விசிறி என்று உறைத்தது. கேமராவின் பக்கவாட்டுச் சின்னத் திரையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி இருந்தது. பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பூஜ்யத்திலிருந்து இப்போதுதான் கிளம்பியிருந்தன.

சின்னவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா? சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா "சரி, மறுபடி எடுங்க" என்று நிமிர்ந்து உட்காருவாள், அவள் அப்படிப்பட்டவள். அம்மா வாயிலிருந்து எடுத்த கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. கொஞ்சமல்ல.

"போதும்மா, போதும்" என்று பெரியவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். "எல்லாம் வந்துடுச்சு. இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்டியா? ஒரு வார்த்தை."

அம்மா விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். குழந்தை மாதிரி தலையை ஆட்டினாள். கேமரா அதைத் துல்லியமாக, இரண்டு கார்டிலும், பதிவு செய்துகொண்டிருந்தது.

சின்னவள் கிட்டே போனாள். "அம்மா, ஒரே ஒரு வார்த்தை. என்னை எப்படிக் கூப்பிடுவே, அது மட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று பெரியவன் சீறினான். "ரத்தத்தைப் பாரு!"

அம்மா சின்னவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவள் கன்னத்தில் தட்டினாள். மகன் பேச்சைத் தட்டவில்லை. வாய் திறக்கவில்லை.

சின்னவள் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விடிவதற்குள் அம்மாவின் தொண்டை வீங்கி, காற்று மட்டும்தான் வந்தது.

மறுநாள் அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பெரியவன் கார்டைக் கேட்டான். "காப்பி போட்டுட்டியா? குடு, இப்போவே கேக்கணும் போல இருக்கு."

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். இரண்டு துண்டு இருக்கிறது. முதலாவது கண் சிமிட்டுகிற நேரம், அம்மா வாய் திறப்பதோடு முடிந்துவிடும். இரண்டாவதில் அம்மா இருமுகிறாள், அவன் பேசாதே என்கிறான்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டான்.

"நீ ஏன் அழுத்தினே?"

"அது என் வேலை."

"நான்தான் ரோல்னு சொன்னேனே!"

"ரோல்னு சொன்னா நான் அழுத்தணும்னு அர்த்தம். நீயே சொல்லிட்டு நீயே அழுத்துவியா?"

"தனியா வேலை செய்றவன்டி நான்!" அவன் குரல் உடைந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு நானேதான் சொல்லிக்கணும், நானேதான் அழுத்தணும். பக்கத்துல ஆள் இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு."

 அவன் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரம் அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேக்கப் போடாத நடிகனைப் போல ஒரே ராத்திரியில் அவன் கிழவனாகிப் போயிருந்தான்.

"சரி விடு" என்று கடைசியில் உட்கார்ந்தான். "என்னைப் பார்த்து என்ன சொன்னா? அதை மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாது அண்ணா."

"பக்கத்துலதானே நின்னே! ரொம்ப நேரம் சொன்னாளே!"

"நான் கண்ணைப் பார்த்துட்டிருந்தேன். நீ கேக்கலியா? உன்னைப் பார்த்துத்தானே சொன்னா?"

பெரியவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "அழுதுட்டிருந்தேன் குட்டி. ஒண்ணும் கேக்கல. அதான் கேமராவுல இருக்கேன்னு விட்டுட்டேன்."

 உள்ளே அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பிழைத்தாள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கழுத்தில் துளையோடு, அதன் மேல் ஒரு மெல்லிய துணியோடு வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்தில் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட முடியாததால் கத்தரியால் மேஜையைத் தட்டி ஆளைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் எழுதிக் காட்ட ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் இடுப்பு, கை, நீளம் என்று அளவு குறித்துக்கொள்கிற முதலெழுத்துகளும் எண்களும்தான். பலகை அலமாரிக்கு மேலே போய்விட்டது.

ஊர் உலகத்தில் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. தன் குரலைக் கேட்க வேண்டும் என்று கேட்டாள். தொலைக்காட்சியைக் காட்டுவாள், தன் வாயைக் காட்டுவாள், கையை விரிப்பாள். எங்கே?

"எடிட்டிங்ல இருக்கும்மா" என்றான் பெரியவன். "சத்தம் கொஞ்சம் சரி பண்ணணும்" என்றாள் சின்னவள். அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போவாள். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து கையை விரிப்பாள். தொழில் தெரிந்த பிள்ளைகள், நன்றாகச் செய்ய நாளாகும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஒரு காலையில் அவள் தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு தொலைக்காட்சிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தாள். கத்தரியால் நாற்காலிக் கையைத் தட்டினாள். இனி ஏய்க்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சின்னவள் போட்டாள். முதல் துண்டில் ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவின் முகம் வந்தது. அத்தனை அழகான முகத்தை அவள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. வாய் திறந்தது, படம் போய்விட்டது. அம்மா திரும்பி, மேலே போடு என்று விரலைச் சுழற்றினாள். இரண்டாவது துண்டு. இருமல். கைக்குட்டை. "இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்டியா?" என்று பெரியவனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. திரையில் அம்மா விரலை உதட்டில் வைத்துத் தலையாட்டினாள், பிறகு சின்னவளின் கன்னத்தில் தட்டினாள். முடிந்தது.

"அவ்ளோதாம்மா இருக்கு" என்றாள் சின்னவள். "நாங்க ரெண்டு பேரும் அழுத்திட்டோம். நீ பேசினது ஏறல."

பெரியவன் தலையைத் தூக்கவில்லை.

அம்மா கருத்துப்போன திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. திட்ட அவளிடம் குரல் இல்லை. கடைசியில் பெரியவனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தித் தன் நெஞ்சைத் தொட்டாள், பிறகு அவன் காதைத் தொட்டாள். அப்படியானால் உனக்குக் கேட்டதுதானே?

"கேக்கலம்மா" என்றான். "அப்புறமா கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

அம்மா சின்னவளைப் பார்த்தாள். அவளும் இல்லை என்று தலையசைத்தாள். அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது. கார்டு போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை போலும். எதிரே நின்ற இரண்டு பேரும் கேட்கவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நாற்காலியை அவர்களுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மடியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். உதடு மட்டும் அசைந்தது. கழுத்துத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. முன்னும் பின்னும் ஆடினாள். அன்றைக்குச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அதே இடத்தில் பெரியவன் பக்கம் திரும்பினாள், அவனைப் பார்த்து வெகு நேரம் சொன்னாள். அவன் குனிந்து, அவள் உதட்டுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று பார்த்தான். காற்றுதான் வந்தது, அதுவும் கழுத்திலிருந்து. சின்னவள் இமைக்காமல் பார்த்தாள். இத்தனை வருஷம் எத்தனையோ உதடுகளை மயிரிழை பிசகாமல் தெளிவாகப் பிடித்துக் கொடுத்தவள், அவற்றில் ஒன்றையாவது படிக்கக் கற்றுக்கொண்டாளா?

அம்மா முடித்தாள். மூச்சு வாங்கியது. புருவத்தை உயர்த்தி இருவரையும் பார்த்தாள்.

"புரிஞ்சுதும்மா" என்றான் பெரியவன்.

"எனக்கும் புரிஞ்சுது" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் பொய் சொன்னால் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? பெற்றவள். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.